பள்ளம் என்று எழுதியவள்

என் அக்கா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். வார்த்தை விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது. "குட்டையில தண்ணி தங்கும், ஓடையில ஓடும். வாய்க்கால் ஆள் வெட்டினது, ஓடை தானா வந்தது. சதுப்புல எது மண்ணு எது தண்ணின்னு உன்னால பிரிக்கவே முடியாது," என்பாள். சாப்பிடும்போதும் இதே பாட்டுதான். அத்தான் காதில் பஞ்சு வைக்காத குறை.

அப்படிப்பட்டவளை ஒரு வார்த்தையை மாற்ற வைத்தவன் நான்.

வீடு கட்ட நான் வாங்கிய மனை பழைய வரைபடத்தில் ஓடை என்று இருந்தது. ஓடை என்றால் கட்ட அனுமதி கிடையாது. பள்ளம் என்றால் மண் கொட்டிக் கட்டிக்கொள்ளலாம். புது வரைபடம் அவள் கையில் இருந்தது. "வருஷத்துக்கு நாலு நாள் ஓடுறதெல்லாம் ஒரு ஓடையாக்கா?" என்று மாதக்கணக்கில் அவள் உயிரை வாங்கினேன்.

"தெரிஞ்சா என் வேலை போயிடும்டா," என்றாள். கடைசியில் பள்ளம் என்று எழுதினாள்.

முதல் பெருமழையிலேயே தண்ணீர் முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பின்வாசல் வழியாகப் போனது. அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்துவிடுவாள். சேற்றைத் தள்ளுவாள், ஒரு சொல் குத்திக்காட்ட மாட்டாள். திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலாவது வருஷம் வீட்டை யார் தலையிலாவது கட்டிவிடத் தீர்மானித்தேன். சுவரில் இருந்த கறை தெரியாமல் பெயிண்ட் அடித்தேன். கோடையில் ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். அக்கா உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மழை பெய்தா இங்க தண்ணி நிக்குமாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நிக்காதும்மா," என்றேன். பொய் இல்லை, ஒரு சொட்டுகூட நின்றதில்லை. சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

தேநீரோடு வந்த அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. "நிக்காதும்மா, ஓடும். இந்தக் கூடத்து வழியாத்தான் போகும். இது ஓடை. பள்ளம்னு வரைபடத்துல எழுதினது நான்தான்."

கணவர் எழுந்துவிட்டார். "அப்படி எழுதச் சொன்னது யாரும்மா?"

"யாரும் சொல்லல," என்றாள் அக்கா.

அவர் அவளுடைய பெயரையும் அலுவலகத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.