மோதினார் பணித்தால்

ஒலிவாங்கியை ஊதிப் பார்ப்பது அச்சிமுகம்மதுவுக்குப் பிடிக்காது. சால்வை நுனியால் அதன் தலையைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார், கண்ணை மூடிக்கொள்வார். காணாமற்போன ஆட்டைப் பற்றிய அறிவித்தலாகவே இருக்கட்டும், எந்தச் சொல்லில் முடிப்பது என்று தீர்மானித்த பிறகுதான் வாய் திறக்கும். சாய்ந்தமருதுக் கடற்கரைப் பள்ளிவாசலின் மோதினார் அவர். ஐந்து நேரத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கோடு ஊர் அறிவித்தல்களும் அவர் குரலில்தான் வரும்.

யாராவது இறந்த மையித்துச் செய்தி என்றால் 'அறியத்தருகிறோம்'. குப்பை வண்டி, தண்ணீர் வெட்டு எல்லாம் 'கேட்டுக்கொள்கிறோம்'. 'பணிக்கிறோம்' என்றும் ஒன்று உண்டு. அதை மட்டும் அவர் இலேசில் எடுக்கமாட்டார். படகுக்கார றிம்சான் ஒருநாள் சீண்டிப் பார்த்தான்.

"என்ன மோதின் காக்கா, எல்லாம் ஒண்டுதானே?"

"ஒண்டில்ல தம்பி. அறியத்தாறம் எண்டா காது கேட்டாப் போதும். கேட்டுக்கொள்றம் எண்டா மனசு கேக்கணும். பணிக்கிறம் எண்டா கால் நிக்கணும்."

வெள்ளிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்கள் பள்ளி வாசலை அடைத்து நிற்பது பள்ளித் தலைவர் நளீர் ஹாஜியாருக்குத் தீராத தலையிடி. "அந்தச் சொல்ல ஒருக்காப் போட்டு வெருட்டுங்களன்" என்று நச்சரிப்பார். "அது இதுக்கு ஏலா ஹாஜியார்" என்பதோடு மோதினார் எழுந்து போய்விடுவார்.

கொரோனா முடக்கத்தின்போது ஊர் அந்தச் சொல்லைக் கேட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு எவரும் பள்ளிக்கு வரக்கூடாதெனப் பணிக்கிறோம் என்றார். வாசல்வரை வந்தவர்களும் திரும்பினார்கள்.

பிறகு போன மழைக்காலத்தில் ஒரு காலை. புயல் அபாயத்தால் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளும் அரச அறிவித்தல் பள்ளிக்கு வந்திருந்தது. இப்படி எத்தனையோ வந்து, ஒரு காற்றும் அடிக்காமல் போயிருக்கிறது. யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடலும் குளம்போலக் கிடந்தது. முதல்நாள் கீரி மீன் அள்ளு அள்ளென்று பட்ட ஆசையில் றிம்சானும் கூட்டாளிகளும் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பள்ளி மேல்மாடி யன்னலில் நின்றால் அவர்கள் தெரிவார்கள்.

அச்சிமுகம்மது அந்த யன்னலடியில் நின்று அறிவித்தலை வாசித்து முடித்தார். ஒலிபெருக்கியை நிறுத்தவில்லை. அவர் மூச்சு விடுவது கரையெங்கும் கேட்டது.

"எவரும் கடலில் இறங்கக்கூடாதெனப் பணிக்கிறோம்."

முழங்கால் தண்ணீரில் நின்ற றிம்சானின் கால் அப்படியே நின்றது. "இந்த மனிசனுக்கு என்ன பைத்தியமா?" என்று வாய் திட்டியது; கால் அசைய மறுத்தது. கரை நெடுக, தள்ளிய படகுகளெல்லாம் நின்றன. பொலிஸ் விசிலுக்கே மசியாதவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படகுகளை மேலே இழுத்தார்கள்.

நண்பகல் லுஹர்த் தொழுகைவரை அலை அசையவில்லை. "மோதினார்ட புயல் பஸ்ஸத் தவற விட்டுட்டோ?" என்று இளசுகள் சிரித்தார்கள். றிம்சான் சண்டைக்கென்றே பள்ளிக்குப் போனான். அங்கே நளீர் ஹாஜியார் முந்திக்கொண்டிருந்தார்.

"புயல் வராட்டி இனி உங்கட சொல்ல ஆரு கேப்பான்?"

"வராட்டி அல்ஹம்துலில்லாஹ். என்ட சொல்லு போனாப் போகட்டும் ஹாஜியார். புள்ளயள் உசிரோட இரிப்பானுகள்."

சண்டைக்குப் போனவன் வாசலோடு திரும்பினான்.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதே வானம் கறுத்தது. காற்று ஊளையிட்டு வந்தது. கடல் கரையேறி மீன் வாடிக் கொட்டிலை அடியோடு கொண்டுபோயிற்று. தென்னையில் கட்டிய படகைப் பிடித்துக்கொண்டு றிம்சான் அந்தக் கடலைப் பார்த்தான். இந்நேரம் தான் நின்றிருக்கக்கூடிய இடம் எதுவென்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நளீர் ஹாஜியாருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். வாசலில் வழக்கம்போல மோட்டார் சைக்கிள்கள். குறுக்கே நின்றது றிம்சானுடையது. ஹாஜியார் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து மோதினார் கையில் திணித்தார்.

"இப்ப பணிங்க! ஒருத்தனும் மீறமாட்டான்."

தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்த றிம்சான் நிமிர்ந்து பார்த்தான். அச்சிமுகம்மது ஒலிவாங்கியைச் சால்வை நுனியால் துடைத்து, நிறுத்தி, அதன் இடத்தில் வைத்தார். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். றிம்சானின் மோட்டார் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினார்.