ஆளுக்கொரு சாவி

"அந்தக் கல்யாணத்தைக் குழப்பின பொண்ணுதானே?" என்று பெலிண்டாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜாவா எழுதுகிறவன் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

பெலிண்டா கைலாசபுரத்தில் வளர்ந்தவள். வீட்டில் ஒரே ஸ்கூட்டர். அவளும் தம்பி ஆஸ்டினும் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: ஆணியில் சாவி தொங்கினால் எடுக்கலாம், இல்லையென்றால், எடுத்தவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் புத்தூர் ஆபீஸில், போனிலேயே கல்யாண மண்டபம் முன்பதிவு செய்யும் புரோகிராமுக்கு அவள் எழுதிய பூட்டும் அதேதான். ஒருவர் பதிவு முடியும்வரை, அந்தத் தேதி காலியா என்றுகூட அடுத்தவர் பார்க்க முடியாது.

டீம் லீடர் பீமராவுக்கு அது பிடிக்கவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பூட்டு உருவாகும்படி மாற்றிவிட்டார். ஒரே ஸ்கூட்டருக்கு ஆளுக்கொரு சாவி! பூட்டு என்று பெயர் மட்டும் இருந்தது.

"சார், ராகு காலம் முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா பட்டனை அமுக்குவாங்க சார்" என்றாள் பெலிண்டா.

"நான் அமுக்கிப் பார்த்துட்டேன்மா. ஒண்ணும் ஆகல."

ஒற்றை ஆளாக உட்கார்ந்து அமுக்கினால் என்ன ஆகும்?

தை முகூர்த்தங்களுக்குப் பதிவு திறந்த அன்று, ஊரே ராகு காலம் முடியக் காத்திருந்து ஒன்றாக அமுக்கியது. ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணங்களுக்கு உறுதியானது. பத்திரிகை அடித்த பிறகுதான் தெரிந்தது. அதில் ஒரு பெண்ணைப் பெற்ற சந்திரம்மாள் நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டார். பீமராவ் கூசாமல் பெலிண்டாவைக் கைகாட்டினார்.

"இவங்க எழுதினதும்மா. வேலைய விட்டே அனுப்பிடறோம்."

பெலிண்டா அழவில்லை. சந்திரம்மாளிடம் ஒரு போன், என்னிடம் ஒரு போன் கொடுத்தாள்.

"நான் சொன்னதும் ரெண்டு பேரும் அமுக்குங்க."

ஓரிரு முறை ஒரு போனில்தான் 'உறுதி' வந்தது. அடுத்த முறை இரண்டிலும் 'உறுதி' என்று வந்தது. "சார் எடுத்தது இதுதான்மா" என்று காட்டி, பழைய பொதுப்பூட்டைத் திரும்பப் போட்டாள். அதன்பின் எத்தனை முறை அமுக்கினாலும் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

சந்திரம்மாள் பீமராவ் பக்கம் திரும்பினார். "இதை ஏன் சார் எடுத்தீங்க?"

"அது இருந்தா ஒவ்வொருத்தரும் ஒரு செகண்ட் காத்திருக்கணும்மா…"

"என் பொண்ணுக்கு வரன் அமையவே ஆறு வருஷம் காத்திருந்தேன் சார். உங்க ஒரு செகண்டுக்கு மாட்டேன்னு நான் சொன்னேனா?"

பெலிண்டாவை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. இரண்டு கல்யாணங்களில் ஒன்றுக்கு அதே முகூர்த்தத்தில் வேறு மண்டபம் தேடிக் கொடுத்தவளும் அவள்தான். அதை மட்டும் ஊரில் ஒருவரும் சொல்வதில்லை.