தரவைக்கு வேலி வேண்டாம்

நீர்வேலிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கிளாக்கர் சைக்கிளை நிறுத்தி, "சேர், சிவயோகம் ரீச்சர் மோசம் போட்டா" என்றார். அவர் இறந்ததை நம்ப முடியவில்லை. அதற்கு முதல்நாள்கூட ஆசிரியர் அறையில் உட்காராமல் நடந்துகொண்டே என்னோடு சண்டை பிடித்தவர். அன்றிலிருந்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலரில் அவருடைய படிப்பையும் பதவியையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் தரவையைப் பற்றித்தான் எழுதவேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அச்சுவேலிக்குக் கிழக்கே நீரேரிக் கரையோடு கிடக்கும் அந்தப் புல்வெளியை நீங்கள் அறிவீர்கள். மாரியில் வெள்ளம் நிற்கும். தை பிறந்தால் பச்சை விரியும். இடையிடையே சில பனைகள், குடை விரித்தாற்போல உடைமரங்கள். புவியியல் படிப்பிக்கும் நான் ஒருமுறை அதை வெறுந்தரை என்றுவிட்டேன். தாவரவியல் படிப்பித்த சிவயோகம் ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "குனிஞ்சு பாத்திட்டுக் கதையுங்கோ சேர். மரம் நிண்டால்தான் உயிரோ?" குனிந்தேன். ஒரு சாண் நிலத்தில் கோரை, அறுகு, நெருஞ்சி, நீலமாய் விஷ்ணுகிராந்தி.

ஆடுகள் அந்தப் புல்லை மொட்டையடிக்கின்றன என்பது அவருடைய கவலை. நம்மவருக்கு ஒன்றைக் காப்பாற்றுவதென்றால் வேலி அடைப்பதுதானே! மாணவர்களைச் சிரமதானத்துக்குக் கூட்டிவந்து, கிளுவைத் தடிகளைக் கதியால்களாக நட்டு, தரவையின் தென்பாதியை அடைத்தார். ஆடு வளர்க்கும் செல்லம்மாக்கா சண்டைக்கு வந்தார். "உங்கடை புல்லு வளர எங்கடை ஆடு பட்டினி கிடக்கோணுமோ?" ரீச்சர் அசையவில்லை.

முதல் மாரிக்குப் புல் முழங்கால் உயரம் நின்றது. அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அடுத்தடுத்த மாரிகளில் உடைமரக் கன்றுகள் தலைகாட்டின. முன்னெல்லாம் அவற்றை ஆடுகள் முளையிலேயே கடித்துத் தின்றுவிடும். இப்போது முள் நெருங்கி, அதன்கீழே புல் செத்தது. ஆடு மேய்ந்த வெளிப்பக்கத்தில் நீலப் பூ பூத்துக் கிடந்தது.

வேறு யாரென்றாலும் மழையைக் குறை சொல்லியிருப்பார்கள். அவர் கத்தியும் கையுமாகச் செல்லம்மாக்காவின் வாசற்படலைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"பிழை என்ரைதான், அக்கா. காப்பாத்திறன் எண்டு புல்லைச் சாகடிச்சுப்போட்டன். உங்கடை ஆடுகளை விடுங்கோ."

செல்லம்மாக்கா படலையைத் திறந்தார். "ஓம், விடுறன். முதல்லை ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

கதியால்கள் வேர்பிடித்துத் தளிர்த்திருந்தன. அவற்றை வெட்டிப் பிடுங்கி, முட்கன்றுகளையும் வெட்டி முடிக்க ரீச்சரின் கை கொப்பளித்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் நிம்மதியில்லாமல் திரிந்தார். மறுமாரிக்குப் பிறகு புல் திரும்பியபோது என் முன்னாலேயே அழுதார்.

காரணத்துக்கு வருகிறேன். பழைய மாணவர்கள் சிலர், அவர் நினைவாகத் தரவையைச் சுற்றி வேலி அடைத்து, அவருடைய பெயர்ப்பலகை நாட்டப் போவதாகச் செத்தவீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அன்பினால்தான், தெரியும். ஆனாலும், பிள்ளைகளே, ஒன்று சொல்கிறேன். அவர் அடைத்தது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பிடுங்கியதை மறந்துவிட்டீர்கள்.

அந்தக் கத்தியை அவருடைய தங்கை என்னிடம் தந்திருக்கிறார். பிடியில் கிளுவைப் பிசின் இன்னும் ஒட்டியிருக்கிறது. நீங்கள் வேலி அடைத்தால், அதை எடுத்துக்கொண்டு நான் வருவேன்.