ஒருமையில் கேட்ட கேள்வி

பூந்தமல்லியில் எங்கள் சிறிய கோயில். ஈஸ்டர் விடியற்காலை. வேதபாடம் வாசிக்க என் கணவர் எழுந்து நிற்கிறார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி மின்னுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் உள்ளே உடலைக் காணாமல் நடுங்கி வெளியே ஓடினார்கள், பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற இடம்வரை நிதானமாக வாசித்தார். அதற்குப் பிறகும் வசனங்கள் உண்டு. உயிர்த்தெழுந்தவர் தம்மவர்களுக்குத் தரிசனம் தருவதெல்லாம் அங்கேதான் வருகிறது. அவர் அவற்றை வாசிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆர்மோனியம் வாசிப்பவர் பாட்டைத் தொடங்கலாமா வேண்டாமா என்று போதகரின் முகத்தைப் பார்த்தார். போதகரோ என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கோயில் மணி அடிக்கிறவர் நேராக இவரிடம்தான் வந்தார். "இன்னா சார், பொஸ்தகத்தப் பாதியில மூடிகினு வந்துட்ட? மீதிய யாரு படிக்கிறது?"

"மீதியைப் பின்னால யாரோ சேர்த்திருக்காங்கப்பா. ரொம்பப் பழைய பிரதிகள்ல அவ்வளவுதான் இருக்கு" என்றார் இவர். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. பின்னால் நின்ற போதகரின் காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன்.

இவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவன் கண்ணால் பார்த்தவனா என்று எதையும் கேட்கச் சொல்லி மாணவர்களைப் பழக்கியவர். அந்தக் கேள்விகளை ஒரே ஒரு புத்தகத்தின் வாசலில் மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போக அவரால் முடியவில்லை. பட்டணத்துக்குப் போகும்போதெல்லாம் நூல்நிலையத்திலிருந்து கனமான ஆங்கிலப் புத்தகங்களைக் கொண்டுவருவார். நான் அடுப்படியில் இருக்கும்போது வந்து, கதவில் சாய்ந்துகொண்டு, படித்ததைச் சொல்வார். நான்கு சுவிசேஷங்களிலும் எழுதியவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லையாம். தலைப்பில் இருக்கும் பெயர்கள் பிற்பாடு வைத்தவையாம். குழந்தைகளைக் கொன்ற ராஜாவின் காலத்தில் ஆண்டவர் பிறந்ததாக ஒருவர் எழுதுகிறார். ஜனங்களைத் தலை எண்ணிக் குடிமதிப்பு எடுத்தபோது பிறந்ததாக இன்னொருவர் எழுதுகிறார். அந்த ராஜா செத்துப் பல வருஷம் கழித்துத்தான் அந்தக் குடிமதிப்பே நடந்தது என்பார். பரங்கிமலைக்கு வந்ததாக நாம் சொல்லும் அப்போஸ்தலர்கூட வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்பார்.

"அப்போ எல்லாமே பொய்யா?" என்று ஒரு நாள் கரண்டியும் கையுமாகக் கேட்டேன்.

"பொய்யின்னு நான் எங்கே சொன்னேன்? அப்படி ஒரு மனுஷர் இருந்தார், ஏழைகளோட உட்கார்ந்து சாப்பிட்டார், சிலுவையில அறைஞ்சு கொன்னாங்க. அதை நம்ப எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது." தெரியாது என்ற சொல்லை அவர் அலட்சியமாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்ல அவருக்கு வலித்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்களுக்கு முதலில் பிறந்த பெண்குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அந்தத் துக்கத்தில்தான் வாத்தியாருக்கு விசுவாசம் போயிற்று என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன். துக்கம் என்றால் ஆறும் அல்லவா? ஒரு நாள் அதை வாய்விட்டே சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பழியைக் குழந்தை மேல போடாதே. அது இருந்திருந்தாலும் நான் இதைத்தான் படிச்சிருப்பேன்" என்றார்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "வாத்தியாரே, நான் உம்மோட தர்க்கம் பண்ண வரலை. வர்ற ஞாயிறு சபைக்கு முன்னால நின்னு, மூணாம் நாள் உயிர்த்தெழுந்தார்னு வர்ற விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிடும். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். கெஞ்சுகிற குரல்தான்.

"வாயால சொல்லிடலாம் ஐயா. மறுநாள் பசங்க முன்னால நின்னு எப்படிச் சரித்திரம் நடத்துவேன்?"

வேலை போயிற்று. குடியிருந்தது மிஷன் வீடு என்பதால் அதுவும் போயிற்று. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது நான் அவரோடு பேசவில்லை. ஒரு பாராவைச் சேர்த்து வாசித்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்ற கோபம் எனக்கு. அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் பட்டாளத்துக் கிடங்குகள் வந்திருந்தன. அங்கே அவருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. பக்கத்திலேயே ஓர் அறையும் ஒரு சமையல்கட்டுமாக வீடு பார்த்தோம். பகலெல்லாம் கித்தான் கூடாரங்களையும் பூட்ஸுகளையும் கணக்கெழுதிவிட்டு வருவார். சரித்திரம் பேச அங்கே ஆள் இல்லை. என்னிடமும் பேசுவது குறைந்துபோயிற்று.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைப் பூந்தமல்லிக் கோயிலுக்கே அழைத்துக்கொண்டு போனார். பெட்ரோல் கிடைக்காத காலம். கரியை எரித்து ஓடுகிற பஸ், மேடு வந்தால் திணறும். சில சமயம் இறங்கி நடப்போம். கோயில் வாசல்வரை வந்து, என் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வெளியே புளியமரத்தடியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிரசங்கத்தின் நடுவே அவர் இருமுவது எனக்குக் கேட்கும். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டே என் கோபம் கரைந்தது.

அப்புறம் எங்கள் மகன் பிறந்தான். முதல் குழந்தைக்குத் தப்பிய ஞானஸ்நானம் இவனுக்குத் தப்பக்கூடாது என்று பிரசவித்த அன்றிலிருந்தே எனக்குப் பதைப்பு.

"கொடு. வேண்டாம்னு நான் சொல்வேனா?" என்றார் என் கணவர்.

"நீங்களும் நிக்கணும். விசுவாசிக்கிறீர்களான்னு கேப்பாங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் பதில் சொல்லணும்."

குழந்தையின் பாதத்தைத் தடவினார். "நிக்கறேன். பதில் சொல்ல முடியாது" என்றார்.

என் தம்பியை நிறுத்தியிருக்கலாம். அப்பா உயிரோடு இருக்கையில் பிள்ளையை இன்னொருவர் ஏந்தி நிற்பதா என்று மனம் ஒப்பவில்லை. அந்த ஞாயிறு அவர் புளியமரத்தைத் தாண்டி உள்ளே வந்தபோது சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் குழந்தையை ஏந்தி நின்றார். கழுத்தில் வியர்வை ஓடியது. அவர் வாய் திறக்கமாட்டார், அந்த மௌனத்தோடு சடங்கு நின்றுவிடும், அதற்குப் பிறகு நான் யார் முகத்தில் விழிப்பேன் என்று பயந்துகொண்டே அவரை ஒட்டி நின்றேன்.

போதகர் புத்தகத்தைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். பெற்றோர் இருவரையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது. அச்சில் அப்படித்தான் இருந்தது. போதகர் புத்தகத்தைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மகளே, நீ விசுவாசிக்கிறாயா?"

"விசுவாசிக்கிறேன்" என்றேன். அடுத்த கேள்வியையும் அதற்கடுத்ததையும் அப்படியே ஒருமையில் என்னிடமே கேட்டார். பிறகு என் கணவரை நோக்கிக் கைகளை நீட்டினார். "கொடும் வாத்தியாரே" என்றார். அவர் குழந்தையைக் கொடுத்தார். போதகர் தண்ணீர் ஊற்றியதும் என் மகன் கோயில் அதிரக் கத்தினான்.

என் கணவர், போதகர் இருவருமே இப்போது இல்லை. கத்தியவனுக்குத் தலை நரைத்துவிட்டது. அவன் கோயிலுக்குப் போகிறான், அப்பாவின் கேள்விகளையும் கேட்கிறான், நான் தடுப்பதில்லை. அன்றைக்கு ஞானஸ்நானம் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கோயிலுக்குள்ளே நின்றது என் கணவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று பயந்து, "கோபமா?" என்று கேட்டேன். அவர் துண்டின் நுனியால் குழந்தையின் உச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்திருக்கும்" என்றார்.