சபைனாவும் கல்யாண வண்டியும்

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் சபைனாவுக்கு இரண்டு வேலை. மணப்பெண் புகுந்த வீட்டு வாசலை மிதிக்கும்போது மாமியார் அவள் தலைமேல் உடைக்கிற ஓட்ஸ் ரொட்டியை முதல் நாளே சுட்டுக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். அவளுக்குச் செம்பட்டை முடி. செம்பட்டை முடிக்காரி எதிரே வந்தால் சகுனம் கெட்டது என்று மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முந்தின வாரங்களில் ஊரே முண்டியடித்துக்கொண்டு கல்யாணம் செய்யும். சபைனா பாதி நாள் அடுப்படியில், பாதி நாள் தாழ்ப்பாளுக்குப் பின்னால். அவள் புருஷன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதபோது, "கட்டினது யாரை? செம்பட்டைக்காரியைத்தானே?" என்று கேட்டவர்கள், அவள் சுட்ட ரொட்டியை மட்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இப்போது முடி நரைத்து அடுப்புச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. ஊர் விடவில்லை.

போன வருஷம் அவள் மகள் டீலியாவுக்கே கல்யாணம். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் மாவு பிசைய நான் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஊனா வந்து நின்றாள்.

"தப்பா எடுத்துக்காத சபைனா. நாளைக்குக் காலைல நீ கொஞ்சம்..."

"உள்ளயே இருக்கணும். அதானே?" சபைனா நிமிரக்கூட இல்லை. "பெத்த பொண்ணுக்கு மோதிரம் போடுறத ஒரு தடவை பாக்கணும்னு இருந்தேன். சரி, விடு. சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல."

எனக்கு இருந்தது.

"ஏண்டி ஊனா, அவ முடி நரைச்சுப் போனது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"மேல நரைச்சா என்ன, வேர் செவப்புதானே?"

"நம்ம சாமியார் தலையும் செம்பட்டைதான். அவரையும் உள்ள போட்டுப் பூட்டிடலாமா?"

"ஆம்பள முடி கணக்குல வராது."

"சரி, உன் கணக்குக்கே வர்றேன். எதிர்ல வந்தாத்தானே ஆகாது? உன் வீட்டுலேருந்தே வண்டியில ஏறி உன் பக்கத்துல உக்காந்து வந்தா, எப்படிடி எதிர்ல வருவா?"

ஊனா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "முக்காடு போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடியுமுன்னே சபைனா யார் எதிரிலும் பட்டுவிடாமல் சதுப்பு நிலத்தின் வழியாக, முழங்கால் வரை சேறாகி, ஊனா வீட்டுக்கு நடந்தாள். கல்யாணத்தன்று மழை வரக்கூடாது என்று வேலியடியில் வைத்த குழந்தை இயேசு சுரூபம் நனைந்துகொண்டிருந்தது. வண்டி பெண் வீட்டுக்கு வந்தபோது, பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளை வீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, என்னைப் பொண்ணு கேட்டு வந்தியா?" என்றாள் டீலியா.

"சீக்கிரம் ஏறுடி. குளிருது."

கோயிலில் முன்வரிசை. ராத்தூக்கம் இல்லாததால் கண் சொருகிச் சொருகி வந்தது சபைனாவுக்கு. மோதிரம் ஏறும்வரை தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்திருந்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து குறட்டைதான்.

இந்த வருஷம் வேறொரு வீட்டுக் கல்யாணம். "வண்டி அனுப்பட்டுமா?" என்று மரியாதையாகவே கேட்டனுப்பினார்கள்.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் சபைனா. "நான் பாக்க வேண்டிய கல்யாணம் ஒண்ணுதான். பாத்தாச்சு. நாளைக்கு நான் நல்லாத் தூங்கணும்."

ரொட்டியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.