இன்னும் மணி அடிக்கலப்பா!

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: நான், மூன்று வயது மகன் ஜோயல், சத்தம் கேட்டுக் கீழ் வீட்டிலிருந்து ஓடிவந்த ஹவுஸ் ஓனர் செல்வி அக்கா. இல்லாதவர்: என் மனைவி ஸ்டெல்லா. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

மகள் ஏஞ்சல்? ஐந்து வயது. தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தாள். எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை...

எங்கள் வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை ஆறு மணி ஆனால் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் ‘தனி நேரம்’. டிவி, செல்போன் கிடையாது. ஏஞ்சல் படுக்கையறையில், ஜோயல் ஹாலில் பாயில். ஜெபம் பண்ணலாம். படம் போட்ட பைபிளைப் புரட்டலாம். இயேசப்பாவிடம் கதை பேசலாம். சும்மாவும் இருக்கலாம். படுக்கையறைக் கடிகாரத்தில் அலாரம் அடித்தால்தான் வெளியே வர வேண்டும். நடுவில் யார் கூப்பிட்டாலும் பதில் பேசக் கூடாது. ஜோயல் நிமிடத்துக்கு ஒருமுறை “அக்கா... அக்கா...” என்று கூவுவதால் நானே போட்ட சட்டம் அது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? நான் வளர்ந்தது வீராம்பட்டினத்தில், ஒரே அறை வீட்டில், எட்டுப் பேரோடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த வீட்டில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் கோபம். உடனே நாலு பேர் சுற்றி நின்று, “இன்னாடா ஆச்சி?” என்பார்கள். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை — என் பிள்ளைகளுக்கு நான் சேர்த்துவைத்த சொத்து அதுதான்.

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, தினமும் அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்!

என்ன செய்ய? அவ்வளவு இனிப்பாக இருக்கும். “இயேசப்பா, எங்கப்பா பைக்கு காலையில ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது. நீங்க வந்து ஒரு ஒத ஒதைங்க.” இதைச் சாப்பாட்டு நேரத்தில் நான் நடித்துக் காட்ட, ஸ்டெல்லாவுக்குப் புரை ஏறிவிட்டது. ஏஞ்சல் மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேனா? இல்லை.

அடுத்த ஞாயிறு, சண்டே ஸ்கூலில் டீச்சர் சொல்லிக் கொடுத்தது — ஜெபம் பண்ணும்போது கதவைப் பூட்டிக்கொண்டு, அந்தரங்கமாகப் பண்ண வேண்டும். பெரியவர்கள் நாம் அதற்கு நூறு அர்த்தம் சொல்வோம். ஏஞ்சல் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஸ்டூலைப் போட்டு ஏறி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

நானோ அன்று செல்போனில் மூழ்கியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆறு ஐம்பது! கதவில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. தட்டினேன், கத்தினேன். ம்ஹூம்... ஜன்னல் கதவும் உள்ளே கொக்கி போட்டிருந்தது. ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டாளோ? தலையில் அடிபட்டிருக்குமோ?

“அக்கா உள்ள பூட்டிக்கிச்சி” என்றான் ஜோயல், நிதானமாக.

செல்வி அக்காவும் கூப்பிட்டுப் பார்த்தார். “ஏஞ்சலு... தே கண்ணு... ஆன்ட்டி வந்துக்கீறேன் பாரு...” பதில் இல்லை. அவர் முகமும் மாறியது. “இன்னாப்பா பாத்துக்கினு நிக்கிற? ஒடை! எங்கூட்டுக் கதவுதான, நான் சொல்றேன்... ஒடை!”

மூன்றாவது இடியில் நிலைச்சட்டம் விரிந்து, தாழ்ப்பாள் பறந்து, நான் அறைக்குள் போய் விழுந்தேன். ஜோயல் கைதட்டினான்.

ஏஞ்சல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டின் மேல் ஒரு விரல். “உஷ்ஷ்... இன்னும் மணி அடிக்கலப்பா!”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மூன்றில் நின்றிருந்தது. பேட்டரி காலி.

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டவும் செய்தேன். “ஏம்மா கதவ பூட்டுன?”

“நீதான் ஒட்டுக் கேட்டு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறியே.”

செல்வி அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கவில்லை.

“சரி, இவ்ளோ நேரம் என்னதான் பண்ண?”

“மொதல்ல ஜெபம் பண்ணேன். அப்புறம் பேசிக்கினு இருந்தேன். அப்புறம் சும்மா இருந்தேன்.”

“என்ன பேசுன?”

“சொல்ல மாட்டேன். அந்தரங்கம்!”

ஐம்பது நிமிடம் ஒரு குழந்தை சும்மா இருந்திருக்கிறாள். செல்போன் இல்லாமல் என்னால் ஐந்து நிமிடம் முடியுமா?

ஸ்டெல்லா வந்து கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஜெபம் பண்ற புள்ளய போலீஸ் மாதிரி கதவ ஒடச்சிப் புடிச்சீங்களா?”

இப்போது ஒப்பந்தம் மாறிவிட்டது. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பதிலுக்கு, அந்தப் பதினைந்து நிமிடமும் நான் மாடிப்படியில், செல்போனை வைத்துவிட்டு, தனியாக. அவள் என்ன பேசுகிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பைக் மட்டும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது...

கதவையும் நிலைச்சட்டத்தையும் சரிசெய்த கார்ப்பென்டருக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். கடிகாரத்துக்குப் பேட்டரி — பதினெட்டு ரூபாய்.