ஏழாம் அடுக்கின் நீல விளக்கு

தட்டை இழுத்ததும் பெக் ஹியாங் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். கண்ணை மூடி மெல்லுவார். "சப்புனு இருக்கு, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றோ, "ஆ, கசக்குது! இப்பதான் இது கீரை" என்றோ தீர்ப்பு வரும். சிங்கப்பூர் கிராஞ்சியில், வெயிலே எட்டிப் பார்க்காத நாலாவது மாடியில் இருக்கிறது பண்ணை. அடுக்கடுக்காகச் செங்கீரை, மேலே கலர் விளக்குகள்.

வயது ஐம்பத்தெட்டு. வேலை முடிந்ததும் நேரே சந்தைக்குப் போகமாட்டார். பகலெல்லாம் சிவப்பு வெளிச்சத்தில் இருந்த கண்ணுக்கு ஊரே பச்சையாகத் தெரியும். ஒருமுறை மஞ்சளடித்த கீரையைக் கொழுந்து என்று நம்பி அள்ளி வந்துவிட்டார். கணவர் ஆ செங் விடுவாரா? "பண்ணைக்காரி வாங்கின லட்சணத்தைப் பாரு! ஆடுகூட மோந்து பாக்காது." அன்றிலிருந்து பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்த பிறகுதான் கிளம்புகிறார்.

சிவப்பு விளக்கில் இலை அகலமாக வரும், எடை நிற்கும். கடைசி மூன்று நாள் நீல விளக்குப் போட்டால் இலை சிறுக்கும். ஆனால் கறுத்துச் சிவக்கும், ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்து கூடும். மேலாளர் ஃபைசாலை நச்சரித்து ஏழாம் அடுக்குக்கு மட்டும் நீலம் வாங்கியிருந்தார்.

"எடை குறையுதே, ஆன்ட்டி."

"எடைதான் வேணும்னா தண்ணிய வித்துக்கோ, பாஸ்."

அந்த இலையைச் சத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்; முடிவு சரியில்லையென்றால் ஏழாம் அடுக்கில் லெட்டூஸ் கீரை ஏறும். வாய்தான் பெரிசு, உள்ளுக்குள் உதைப்புதான். இருபது வருஷம் தையல் ஆலையில் சொன்னதைத் தைத்தவர். அவர் சொல்லி நடந்த முதல் வேலை இது.

வியாழக்கிழமை காலை, சிவப்பு விளக்கு வரிசையில் அச்சடித்த தாள் ஒன்று செருகியிருந்தது. லெட்டூஸுக்குக் காலி செய்யவேண்டிய அடுக்குகள்: மூன்று, ஐந்து, ஏழு. வேறொன்றும் இல்லை.

"நேர்ல சொல்லக்கூட வாய் வரல பாரு இவனுக்கு!"

தாளும் கையுமாக ஏழாம் அடுக்குக்குப் போய் முதல் தட்டைப் பாதி இழுத்தார். தாளில் நீல வெளிச்சம் விழுந்தது. ஏழின் மேல் கறுப்பாக ஓர் அடித்தல். பக்கத்தில் ஃபைசாலின் கோழிக்கிறுக்கல்: "ஏழாவதைத் தொடாதீங்க. சத்து ஒன்றரை மடங்கு. நீங்க சொன்னதுதான் சரி, ஆன்ட்டி!"

சிவப்புப் பேனா! சிவப்பு விளக்கடியில் அந்த மை இருக்கிற இடமே தெரியாது. நேற்று வேலைக்கு வந்தவர்கூட இங்கே அந்தத் தப்பைச் செய்யமாட்டார்.

"ஃபைசால்! அறிவிருக்கா உனக்கு? சிவப்புப் பேனாவுல எழுதி வச்சிருக்கியே, என் உயிரே போயிருச்சு!"

"ஐயையோ! அவசரத்துல எழுதிட்டேன், ஆன்ட்டி!" என்று கோடியிலிருந்து குரல் வந்தது.

பெக் ஹியாங் தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பாதி வெளியே நின்ற தட்டை இடுப்பால் ஓர் இடி இடித்து உள்ளே தள்ளினார்.